பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு எந்த போர்ட்ரெய்ட் லென்ஸ்? 85, 90, 100 மி.மீ. – ஒரு நெய்வேலி கணக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் பெரும்பாலான வீட்டு ஆல்பங்களில் ஒரு படம் இருக்கும். பணி ஓய்வு நாளன்று, கழுத்தில் மாலையோடு, குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் அப்பாவின் படம். சில வீடுகளில் அம்மாவின் படம். அதன்பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வாசலில் இருக்கும் முருங்கை மரமும் மாமரமும் அடுத்து வரும் குடும்பத்துக்குப் போய்விடும். அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது.

இந்த மாதிரி படங்களை ஃபிலிமில் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது அதிகம். பரணில் கிடந்த பழைய கேமராவைத் தூசி தட்டி எடுக்கிறார்கள், இல்லையென்றால் ஆன்லைனில் ஒரு சோர்க்கியோ ஃபெட்டோ வாங்குகிறார்கள். கூடவே வரும் 50 மி.மீ. லென்ஸில் ஊர், தெரு, கூட்டம் எல்லாம் நன்றாக வருகிறது. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க வேண்டும் என்றால் அடுத்த தேடல் தொடங்கும்: 85, 90, 100 மி.மீ. லென்ஸ்களில் எது வாங்கலாம்?

இதில் பலரும் முதலில் கேட்பது, ‘எது அதிக ஷார்ப்?’ என்றுதான். ஆனால் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களைப் பொறுத்தவரை முதல் கேள்வி அது இல்லை. உங்கள் கேமராவால் எந்த லென்ஸைச் சரியாக ஃபோகஸ் செய்ய முடியும் என்பதுதான் முதல் கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் என்ன?

எஸ்.எல்.ஆர். கேமராவில் நாம் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். படம் மங்கலாக இருந்தால் அதே மங்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. நாம் பார்ப்பது லென்ஸுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல் வழியாக. அதில் எல்லாமே எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டால்கூட தெரியாது!

அப்படியானால் ஃபோகஸ் எப்படி? கேமராவின் முகப்பில் சற்றுத் தள்ளி இரண்டாவது ஜன்னல் ஒன்று இருக்கும். இரண்டு ஜன்னல்களும் ஒரே ஆளைச் சற்று வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. வ்யூஃபைண்டரின் நடுவே ஒரு சின்ன கட்டத்துக்குள் இரண்டாவது பிம்பம் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அது நகரும். இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். லென்ஸின் பின்பக்கம் உள்ள வளையம் கேமராவுக்குள் ஒரு நெம்புகோலைத் தள்ளும். அந்த நெம்புகோல்தான் பிம்பத்தை நகர்த்தும்.

அதாவது நாம் ஃபோகஸைப் பார்ப்பதில்லை, நெம்புகோல் சொல்வதை நம்புகிறோம். அது கொஞ்சம் தவறாகச் சொன்னாலும் நமக்குத் தெரியாது. ஃபிலிமைக் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

85 முதல் 105 வரை: இந்த நீளம் எதற்கு?

35 மி.மீ. ஃபிலிமில் 85 முதல் 105 மி.மீ. வரையுள்ள லென்ஸ்களைக் குட்டி டெலிஃபோட்டோ என்று சொல்வார்கள். போர்ட்ரெய்ட் லென்ஸ் என்பதும் இதையேதான்.

முகத்தின் அமைப்பைப் படத்தில் முடிவு செய்வது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் தூரம். 50 மி.மீ. லென்ஸில் முகத்தை ஃப்ரேம் முழுக்கக் கொண்டுவர வேண்டுமென்றால் மிக அருகில் போக வேண்டும். மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். எடுக்கப்படுபவரும் கூச்சப்படுவார். 90 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 38 செ.மீ. அகலமும் 56 செ.மீ. உயரமும் உள்ள பரப்பு ஃப்ரேமுக்குள் வரும். தலையும் தோளும் கச்சிதமாக அடங்கும். திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் தூரம் அது.

ஃபோனில் உள்ள ‘போர்ட்ரெய்ட் மோடு’ இதையே மென்பொருளால் செய்து காட்டுகிறது. பின்னணியை மங்கலாக்கி முகத்தைத் தனியாகப் பிரிக்கிறது. பழைய லென்ஸ் அதைக் கண்ணாடியால் செய்கிறது. அங்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்னணி எவ்வளவு மங்குகிறதோ, தவறு செய்ய இடமும் அவ்வளவு குறைகிறது.

ஒரே லென்ஸ், மூன்று நாடுகள்

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தக் கதை சுலபமாகப் புரியும். 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கத்தில் மண்ணை வெட்டியவை ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத சக்கர வெட்டு இயந்திரங்கள். அதில் கிடைத்த நிலக்கரியை எரிக்க எழுந்த முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் கட்டப்பட்டது. 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய அது 2020-ல் ஓய்வுபெற்றது. பனிப்போரின் இரு எதிர்த் தரப்புகளின் இயந்திரங்களும் ஒரே ஊரில், ஒரே நிலக்கரிக்காக ஓடின.

லென்ஸ் உலகிலும் ஜெர்மனியும் சோவியத்தும் இப்படிச் சந்தித்தன. 1930-களின் தொடக்கத்தில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்ட்டெலே, காண்டாக்ஸ் கேமராவுக்காக ‘ஸொன்னார்’ என்ற லென்ஸ் குடும்பத்தை உருவாக்கினார். தமிழில் வாசித்தால் யாரோ ஏதோ சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் போர்ட்ரெய்ட் லென்ஸ் விஷயத்தில் முதலில் சொன்னது உண்மையிலேயே இவர்தான் என்றாலும் தப்பில்லை.

அவர் செய்த காரியத்தின் அருமை புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தக் காலத்து லென்ஸ்களில் கோட்டிங் கிடையாது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 முதல் 5 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். அப்படித் திரும்பிய ஒளி லென்ஸுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். பெர்ட்டெலே பல கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். காற்றைச் சந்திக்கும் பரப்புகள் ஆறாகக் குறைந்தன. 8.5 செ.மீ. எஃப் 2 ஸொன்னார் பெரிதாகத் திறக்கும், கான்ட்ராஸ்ட்டும் குறையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஸைஸ் நிறுவனத்தின் இயந்திரங்களும் வடிவமைப்புகளும் போர் இழப்பீடாக சோவியத்துக்குப் போயின. காண்டாக்ஸ் கேமரா கீவ் நகரின் அர்செனல் ஆலையில் ‘கீவ்’ ஆனது. 85 மி.மீ. ஸொன்னார் ‘ஜூபிடர்-9’ ஆனது. மூன்று தொகுதிகளில் ஏழு கண்ணாடிகள் கொண்ட அதே அமைப்பு, அதே எஃப் 2.

மூன்றாவது நாடு ஜப்பான். நிப்பான் கோகாக்கு, அதாவது இன்றைய நிக்கான், ஸொன்னார் வழியிலேயே ஐந்து கண்ணாடிகளில் 8.5 செ.மீ. எஃப் 2 நிக்காரைச் செய்தது. 1950-ல் டோக்கியோவில் இருந்த ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் இந்த லென்ஸால் படம் எடுத்துக் காட்டினார். பிரிண்டைப் பார்த்து அசந்துபோன டங்கன், நேராக நிறுவனத்துக்கே போய் லென்ஸ்களைச் சோதித்தார். அதே ஆண்டு ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. டங்கன் நிக்கார் லென்ஸ்களோடு போர்க்களம் போனார். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. ஜப்பான் கேமராத் தொழிலை உலகம் திரும்பிப் பார்த்ததில் ஒரு குட்டி டெலிஃபோட்டோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

களத்தில் யார் யார்?

இன்று பழைய பொருள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படும் லென்ஸ்கள் இவை.

ஜூபிடர்-9, 85 மி.மீ. எஃப் 2: விலை மலிவு. முழுதாகத் திறந்தால் மிருதுவான படம், எஃப் 4-க்கு மூடினால் நல்ல கூர்மை. பல பிரதிகளில் 15 அப்பர்ச்சர் இதழ்கள் இருப்பதால் பின்னணி விளக்குகள் வட்டமாகவே விழும். பிரதிக்குப் பிரதி தரம் மாறும். பழுது பார்க்கக் கழற்றி, தப்பாகத் திரும்பப் பூட்டிய பிரதிகள் நிறைய சுற்றுகின்றன. ரேஞ்ச்ஃபைண்டர் வகையில் 1.15 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகாது.

நிக்கார் 8.5 செ.மீ. எஃப் 2: டங்கனை அசத்திய லென்ஸ். நிக்கான் எஸ் வகை கேமராக்களுக்கும், லைக்கா மறை உள்ள கேமராக்களுக்கும் தனித்தனியாக வந்தது. தயாரிப்பு நேர்த்தி ஜூபிடரை விட ஒரு படி மேலே. பழைய குரோம் பிரதிகள் கையில் நல்ல கனம். விலையும் அதற்கேற்ப.

கேனான் 85 மி.மீ.: 1951-ல் எஃப் 1.9 ஆக வந்து, 1961-ல் எஃப் 1.8 ஆக மெருகேறியது. 1.8 அரிது, விலை அதிகம். 1.9 கனமானது, ஆனால் உறுதியானது.

கேனான் 100 மி.மீ. எஃப் 3.5: யாரும் பெரிதாகப் பேசாத லென்ஸ். எடை சுமார் 200 கிராம்தான். சட்டைப் பையில்கூட போட்டுக்கொள்ளலாம். திறப்பு சிறியது என்பதால் விலை ஏறவில்லை.

லைட்ஸ் எல்மார் 9 செ.மீ. எஃப் 4: 1931 முதல் பல பத்தாண்டுகள் தயாரானது. நான்கே கண்ணாடிகள், எளிய அமைப்பு. லைக்கா கேமராவுக்கான லென்ஸ்களில் மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று. போருக்கு முந்தைய பிரதிகளில் கோட்டிங் இருக்காது. எதிர் வெயிலில் வெளிறும். போருக்குப் பிந்தைய கோட்டிங் உள்ளதைத் தேடுவது நல்லது.

லைட்ஸ் எல்மாரிட், டெலி-எல்மாரிட் 90 மி.மீ. எஃப் 2.8: எல்மாரிட் 1959-ல் வந்தது. டெலி-எல்மாரிட் அதைவிடக் குட்டை. அதன் மெலிந்த பிற்கால வகையில் பின்பக்கக் கண்ணாடி பனி படர்ந்ததுபோல ஆகும் பிரச்சினை பலரும் அறிந்தது. அதைத் துடைத்துச் சரிசெய்வது பெரும்பாலும் முடியாது.

லைட்ஸ் சும்மிக்ரான் 90 மி.மீ. எஃப் 2: 1950-களின் கடைசியில் வந்தது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பர்ஸுக்கும் தோளுக்கும் கனம்.

மூன்றரை சென்டிமீட்டர் கணக்கு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். எடுப்பவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறார். ஒவ்வொரு லென்ஸிலும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து எவ்வளவு ஆழம் தெளிவாக விழும்? வழக்கமான 0.03 மி.மீ. அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

– 50 மி.மீ. எஃப் 2: சுமார் 10 செ.மீ.
– 85 மி.மீ. எஃப் 2: சுமார் 3.5 செ.மீ.
– 100 மி.மீ. எஃப் 3.5: சுமார் 4.4 செ.மீ.
– 90 மி.மீ. எஃப் 4: சுமார் 6 செ.மீ.
– 90 மி.மீ. எஃப் 5.6: சுமார் 9 செ.மீ.

85 மி.மீ. எஃப் 2-ல் மொத்தமே மூன்றரை சென்டிமீட்டர். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். எடுக்கப்படுபவர் சிரித்துக்கொண்டே தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாலும் கதை முடிந்தது.

இந்தத் துல்லியத்தைக் கேமரா தருமா? அதைத் தீர்மானிப்பது இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள தூரம். இதை அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம். தூரம் அதிகமானால் கோண வித்தியாசம் அதிகம், பிம்பம் பொருந்துவதைத் துல்லியமாகப் பார்க்கலாம். வ்யூஃபைண்டர் உலகைச் சிறிதாக்கிக் காட்டினால் அந்த அளவுக்கு அடித்தளத்தின் பலன் குறையும். எனவே, அடித்தளத்தை வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் உண்மையான பலம்.

சாதாரண கண்பார்வையை வைத்துக் கணக்கிட்டால் 85 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்குக் குறைந்தது 36 மி.மீ. பலம் தேவை. 90 மி.மீ. எஃப் 2 என்றால் சுமார் 40. 100 மி.மீ. எஃப் 3.5 என்றால் சுமார் 29. 90 மி.மீ. எஃப் 4-க்கு 20 போதும்.

கேமராக்களிடம் எவ்வளவு இருக்கிறது? சோர்க்கி-4-ன் அடித்தளம் 38 மி.மீ. அதன் வ்யூஃபைண்டர் கண்ணில் தெரியும் அளவிலேயே காட்டுவதால் பலமும் ஏறக்குறைய அதேதான். ஜூபிடர்-9 முழுத் திறப்பில் தேவைப்படுத்தும் 36-ஐ அது தொட்டுவிடுகிறது, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. 60 வருடப் பழைய நெம்புகோல் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போச்சு. ஃபெட்-2-ன் அடித்தளம் 67 மி.மீ. வ்யூஃபைண்டர் சிறிதாக்குவதைக் கழித்தாலும் சோர்க்கியை விட வசதியான நிலை. கேனான் பி-யில் 41 மி.மீ., உருவமும் உள்ளது உள்ளபடி தெரியும். 1954-ல் வந்த லைக்கா எம்3-ல் சுமார் 69 மி.மீ. அடித்தளம், 0.91 உருப்பெருக்கம். கழித்தது போக 60-க்கு மேல். 90 மி.மீ. லென்ஸ்களுக்கு எம்3-ஐ இன்னமும் தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, சோர்க்கி-4-ல் எஃப் 2 லென்ஸ் போடுவதும் எம்3-ல் போடுவதும் ஒன்றல்ல. எஃப் 4 லென்ஸ் என்றால் சோர்க்கியிலும் நிம்மதி.

நம்ம ஊர் வெயிலுக்கு எஃப் 2 தேவையா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போட்டு, உச்சி வெயிலில் 1/500 வேகத்தில் எடுத்தால் அப்பர்ச்சர் எஃப் 16 வரை மூட வேண்டும். வெயிலில் யாரும் போர்ட்ரெய்ட் எடுக்க மாட்டார்கள், கண் சுருங்கும். வேப்பமர நிழலில் நிற்க வைத்தால்? அங்கே சுமார் எஃப் 4. எல்மாரின் முழுத் திறப்பே அதுதான்.

அதே நிழலில் எஃப் 2-ல் எடுக்க 1/2000 வேண்டும். சோர்க்கி-4-லும் எம்3-லும் அதிகபட்ச வேகம் 1/1000, ஃபெட்-2-ல் 1/500. காசு கொடுத்து வாங்கிய எஃப் 2-ஐப் பகலில் பயன்படுத்தவே முடியாது. ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் போட்டால் முடியும். இல்லையென்றால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

மண்டபத்துக்குள் நிலைமை தலைகீழ். டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 2 என்றால் சுமார் 1/60 கிடைக்கும், எஃப் 4 என்றால் 1/15-க்கு இறங்கும். 90 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/15-ல் எடுத்தால் கை நடுக்கம் படத்தில் தெரியும். எனவே விழா மேடைதான் உங்கள் தேவை என்றால் எஃப் 2-க்கு நியாயம் உண்டு. வாசல் படம் என்றால் இல்லை.

வெயில் சம்பந்தமாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. லைக்கா, சோர்க்கி, ஃபெட் கேமராக்களில் ஷட்டர் துணியால் ஆனது. லென்ஸ் மூடி இல்லாமல் கேமராவை வெயில் பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போல ஷட்டர் துணியில் ஓட்டை விழும். படம் எடுக்காத நேரத்தில் மூடி போட்டே வைக்க வேண்டும்.

வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ஒன்று, மறை ஒன்றுதான், லென்ஸ் வேறு. ஜூபிடர்-9 பல வகைகளில் வந்தது. ரேஞ்ச்ஃபைண்டருக்கான 39 மி.மீ. மறை, ஸெனித் எஸ்.எல்.ஆருக்கான 39 மி.மீ. மறை, இரண்டும் திருகினால் உட்காரும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் மறைக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ., ஸெனித்தில் 45.2 மி.மீ. ஸெனித் லென்ஸை சோர்க்கியில் மாட்டினால் ஃபோகஸ் எங்குமே சரியாக இருக்காது. லென்ஸின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். நெம்புகோலைத் தள்ளும் வளையம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்.

இரண்டு, 51.6-ம் 52.4-ம். கேமராவுக்கு எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரியாது. எல்லா லென்ஸும் தன் நகர்வை ஒரு ‘நிலையான 50’-ன் நகர்வாக மாற்றிச் சொல்ல வேண்டும். லைக்கா அந்த நிலையான அளவை 51.6 மி.மீ. என்று வைத்தது. சோவியத் ஆலைகள் காண்டாக்ஸ் வழியில் 52.4 மி.மீ. என்று வைத்தன. தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஜூபிடர்-9-ஐ லைக்காவிலோ கேனானிலோ மாட்டி, ஒன்றரை மீட்டரில் எஃப் 2-ல் எடுத்தால் நன்றாகவே தெரியும். சோர்க்கி, ஃபெட் கேமராக்களில் இந்தச் சிக்கல் இல்லை.

மூன்று, நிக்கானும் காண்டாக்ஸும். நிக்கான் எஸ் கேமராவின் மவுண்ட் பார்க்க காண்டாக்ஸ் மாதிரியே இருக்கும், லென்ஸும் மாட்டும். ஆனால் 85 மி.மீ.க்கு மேலே போனால் ஒன்றின் லென்ஸ் மற்றதில் சரியாக ஃபோகஸ் ஆகாது. காண்டாக்ஸுக்கான ஜூபிடரோ ஸொன்னாரோ நிக்கானுக்கு வேண்டாம்.

நான்கு, பூஞ்சை. கடலூர் மாவட்டத்தின் ஈரக்காற்றில் அலமாரியில் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை வருவது சகஜம். ஃபோன் டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து அடித்து முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. மொத்தமாகப் பால் போலத் தெரிந்தால் மூட்டம். மூட்டத்தைப் பெரும்பாலும் சுத்தம் செய்யலாம். பூஞ்சை கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது. ஒட்டுக் கண்ணாடிகளுக்கு நடுவே வந்துவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. ஸொன்னார் வகை லென்ஸ்களில் ஒட்டுக் கண்ணாடிகள்தான் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபிலிம் செலவில்லாமல் சோதிப்பது எப்படி?

சோர்க்கி-4, ஃபெட்-2, கீவ் கேமராக்களில் பின்மூடி முழுசாகக் கழன்று வரும். அது பெரிய வசதி. ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ட்ரேஸிங் பேப்பரைச் சமமாக ஒட்டுங்கள். ஷட்டரை ‘பி’-யில் வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்தபடி பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டரில் மேசை மேல் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து, 15 செ.மீ. கோட்டில் ரேஞ்ச்ஃபைண்டரால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ட்ரேஸிங் பேப்பரில் விழும் பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 15 தெளிவாக இருந்தால் நல்லது. 12-ஓ 18-ஓ தெளிவாக இருந்தால் கேமராவையோ லென்ஸையோ சரிசெய்ய வேண்டும்.

எந்த பக்கம் தவறு என்று கண்டுபிடிக்க, கூடவே வந்த 50 மி.மீ. லென்ஸிலும் இதைச் செய்து பாருங்கள். 50-ம் தவறினால் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர்தான் குற்றவாளி. 50 சரியாக இருந்து 85 மட்டும் தவறினால் லென்ஸ்.

ஃப்ரேமிங்கையும் பாருங்கள். சோர்க்கி, ஃபெட், கீவ் வ்யூஃபைண்டர்கள் 50 மி.மீ. பரப்பை மட்டுமே காட்டும். 85-க்கு மேலே மாட்டும் தனி வ்யூஃபைண்டர் தேவை. கேனான் பி-யில் 100 மி.மீ. கோடும், கேனான் 7-ல் 85, 100 இரண்டுக்கும் கோடும், லைக்கா எம்3-ல் 90-க்கான கோடும் உள்ளேயே உண்டு.

சரி, எதை வாங்கலாம்?

சோர்க்கி-4 வைத்திருப்பவர்கள்: ரேஞ்ச்ஃபைண்டர் மறை உள்ள ஜூபிடர்-9. ஆனால் அதை எஃப் 4 லென்ஸாக நினைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2 என்பது அவசரத்துக்கு மட்டும்.

ஃபெட்-2, கீவ் வைத்திருப்பவர்கள்: அவரவர் மவுண்டுக்கான ஜூபிடர்-9. நீண்ட அடித்தளம் இருப்பதால் எஃப் 2.8-லும் தைரியமாக எடுக்கலாம்.

மறை வகை லைக்கா, கேனான் வைத்திருப்பவர்கள்: கேனான் 100 எஃப் 3.5 அல்லது கோட்டிங் உள்ள எல்மார். ஜூபிடர்-9 வேண்டாம்.

லைக்கா எம் வகை வைத்திருப்பவர்கள்: எம்3 என்றால் பட்ஜெட் மட்டும்தான் எல்லை. மற்ற எம் கேமராக்களில் எஃப் 2.8 அல்லது எஃப் 4 நிம்மதியானது. மறை வகை லென்ஸ்களையும் அடாப்டர் போட்டு மாட்டலாம்.

கையில் காசு குறைவாக இருப்பவர்கள்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். இருக்கும் 50 மி.மீ.யிலேயே இடுப்பு வரை எடுத்துப் பழகுங்கள். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் 1950 ஏப்ரலில் நம் பக்கத்தில்தான் இருந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்துவிட்டு, அதே மாதம் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரை எடுத்தார். வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே நம்பியவர் அவர்.

ஃபிலிமும் முன்பு போல் இல்லை. ஊட்டியில் 1960-ல் உருவான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்து நாடு முழுக்க அனுப்பிய காலம் போய்விட்டது. இன்று போடும் ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டுச் சரக்கு, 36 படங்களும் காசு.

அதனால் லென்ஸ் வந்த கையோடு முக்கியமான நாளுக்குக் கிளம்ப வேண்டாம். முதல் ரோலை ஸ்கேலுக்கும், பக்கத்து வீட்டுப் பையன் முகத்துக்கும், மரத்தடிப் பலாப்பழக் கடைக்கும் செலவிடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தூரம், அப்பர்ச்சர், வேகம் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி, ஸ்கேன் ஆகி வருவதற்கு வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அந்த நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். லென்ஸைத் திரும்ப பையில் வைக்கும்போது கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள்.